தேவலோகச் செடியை வெட்டியவள்

வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாற்றங்கரை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று நான் சொல்வது மரியாதைக்காக. அவன் காதில் கடைசியாக ஊதியவன் எவனோ, அவன்தான் ஆண்டான். அநேகமாக அது ஆஸ்தான பண்டிதர் தாண்டவராயராக இருக்கும்.

அரண்மனைக் கிணற்றுப் பாதையில் ஒரு செடி தானாக முளைத்தது. தாண்டவராயர் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "இது தேவலோகச் செடி, அரசே. மனிதர் கை படக்கூடாது" என்றார். வேலைக்காரப் பெண்களுக்கு அது என்ன செடி என்று பார்த்த உடனே தெரியும். பண்டிதர் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது?

மூன்று வருஷம் தொடாமல் விட்டதில் செடி முள்ளும் கொப்புமாக மண்டிப் பாதையை அடைத்தது. ஒருநாள் தண்ணீர் தூக்கும் மாடத்தியின் கண்ணுக்கு நூலளவு கீழே முள் கிழித்துவிட்டது. தோட்டக்காரி ஒச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாளை எடுத்தாள். பாதி வெட்டுவதற்குள் காவலர்கள் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போனார்கள்.

"வெட்டிய கையை வெட்டுங்கள்" என்றான் ராஜா. என்ன, ஏது என்று ஒரு விசாரணை கிடையாது.

"வெட்டுங்க மகாராசா" என்றாள் ஒச்சாயி. "அதுக்கு முந்தி பண்டிதர்கிட்ட ஒரு சந்தேகம். தேவலோகத்து இலையை அரைச்சுக் கையில வெச்சா பாவம் போகுமா சாமி?"

தாண்டவராயருக்குத் தலை நிமிர்ந்தது. "ஏழு பிறவிப் பாவமும் போகும். உள்ளங்கை பாலாய் வெளுக்கும்."

"அப்ப நீங்களே வெச்சுக் காட்டுங்க. கை போறதுக்குள்ள அந்த அதிசயத்தைப் பார்த்துக்கிறேன்."

சபை முன்னால் மறுக்க முடியுமா? ஒச்சாயி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து அவர் கையில் அப்பினாள். மூன்று நாழிகை மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார். கழுவியபோது உள்ளங்கை சிவந்திருந்தது. அங்கவஸ்திரத்தில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

"மருதாணி, மகாராசா. அஞ்சு வயசுப் புள்ளைக்கும் தெரியும். கொப்பை வெட்டிக் கவாத்து பண்ணாம விட்டா இப்படித்தான் முள்ளாப் போகும்."

ராஜாவுக்கு முகம் கடுத்தது. பண்டிதரைக் காட்டி, "இந்த ஆளின் கையை வெட்டுங்கள்" என்றான்.

"நிறுத்துங்க" என்று கத்தினாள் ஒச்சாயி. "இப்பத்தான் ஒரு கை தப்பிச்சுது. யாரு என்ன சொன்னாலும் வெட்டிருவீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? மாடத்தி கண்ணு போயிருந்தா எந்தத் தேவலோகம் வந்து குடுக்கும்?"

ராஜா தலை குனிந்தான். "தோட்டத்துக்கு இனி நீதான் அதிகாரி. வேறென்ன வேண்டும், கேள்" என்றான்.

"செடி பாதி வெட்டுல நிக்குது. ரெண்டு பேரும் வாங்க."

தாண்டவராயர் சிவந்த கையால் முள் கொப்புகளை அள்ளிச் சுமந்தார். உயரத்துக் கொப்பை வளைத்துப் பிடிக்கிற வேலை ராஜாவுக்கு.

"முள் குத்துகிறது" என்றான் ராஜா.

"குத்தும்" என்றாள் ஒச்சாயி. "விட்டுறாதீங்க."