சிவப்போடு சேராத சிவப்பு

"இடிபட்டதே தெரியாத மாதிரி பண்ணித் தர முடியுங்களா?" என்று கேட்டார் தண்டபாணி.

ரெஜினா முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காரைப் பார்த்தாள். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. முன் பம்பரின் ஒரு மூலை வாய் பிளந்து கிடந்தது.

"யாருக்குத் தெரியாத மாதிரிங்க?"

இது என்ன கேள்வி என்று இருந்தது அவருக்கு.

"யாருக்குமே" என்றார்.

"ஊருக்குத் தெரியாம பண்ணிரலாமுங்க சார். யாருக்குமேன்னா சிரமம்."

சொல்லிவிட்டு அவள் வேறொரு காரின் கதவைத் தேய்க்கப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் நல்ல கார் வைத்திருப்பவர்கள் பெயிண்ட் அடிக்க ரெஜினாவிடம்தான் போவார்கள். அவளுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. பேச்சு குறைவு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கமும் கிடையாது. அவளிடம் போன ஆள் திரும்பி வரும்போது காரோடு ஒரு யோசனையையும் ஓட்டிக்கொண்டு வருவார். முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர். அது அவளுக்கும் தெரியும்.

தண்டபாணியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. லேத்துப் பட்டறை வைத்து, பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து மேலே வந்தவர். முடி கனம் வித்தியாசம் இருந்தாலும் ஷாஃப்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். பட்டறையில் அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. அதே கண்ணைச் சாயங்காலம் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார், அதுதான் வில்லங்கம்.

ரெஜினா திரும்பி வந்தாள்.

"இடிச்சது யாருங்க?"

"ஒருத்தர்."

"எந்த ஒருத்தர்?"

"வீட்லதான்" என்றார் தண்டபாணி, டயரைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒருத்தர் அவர் மனைவி பூங்கோதை. பிள்ளைகள் வெளியூர் போய்ச் சேர்ந்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஆசைப்பட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். லைசென்ஸ் கைக்கு வந்தது. ஒரு காலை நேரம், கணவருக்குப் பிடித்த காரையே வெளியே எடுத்தாள். வாசல் கேட்டின் தூண் குறுக்கே இருந்தது. தூண் என்றைக்கும் அங்கேதான் இருந்தது.

தண்டபாணி பனியனோடு ஓடி வந்தார். தெருவே பார்க்க, "உனக்கெல்லாம் எதுக்கு ஸ்டியரிங்கு?" என்று கத்தினார்.

பூங்கோதை சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சாப்பிட வாங்க, தண்ணி வந்திருச்சு, பால்காரர் வந்தாரு. இவ்வளவுதான் பேச்சு. வண்டி என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை.

தண்டபாணி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பம்பர் பழையபடி ஆகிவிட்டால் வீடும் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் யாருக்குமே தெரியக்கூடாது என்றார்.

"புதுசு வேணும்னா கப்பல்ல வரணும்" என்றாள் ரெஜினா. "மாசக்கணக்குல ஆகும். பழசு ஒண்ணு தேடிக் கொண்டாங்க."

"பழசா?"

"உங்க காரும் பழசுதானுங்களே."

அவர் உக்கடத்துக்குப் போனார். பழைய கார்ச் சாமான் விற்கும் இஸ்மாயில் பாயின் கடையில், கூரையிலிருந்து கம்பியில் பம்பர்கள் வரிசையாகத் தொங்கின. அவர் காருக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம்.

"பின்னாடி அடி வாங்குன வண்டியில கழட்டுனது" என்றார் பாய். "முன்னாடி சுத்தம். என் கண்ணுக்குச் சுத்தம். உங்க கண்ணாலயும் ஒருக்கா பாத்துக்கோங்க."

தண்டபாணி விரலால் தடவினார். குனிந்து பார்த்தார். போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கீறல் இல்லை, நெளிவு இல்லை. மனசு நிறைந்து போயிற்று. குட்டி யானை வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, பச்சைப் பிள்ளையைப் போலப் பம்பரை மடியில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ரெஜினா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் உப்புத்தாளையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே தேய்ங்க."

"நானுங்களா?"

"உங்களுக்குத்தான அவசரம்."

கோபம் வந்தது. ஆனாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வேலையாக இருந்தாலும் கை வைத்துவிட்டால் அரைகுறையாக விட அவருக்கு வராது.

மஞ்சள் கரைந்து ஓடியது. அதன் கீழே வெள்ளை வந்தது. மூலைப்பக்கம் தேய்க்கத் தேய்க்க, வெள்ளைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. உள்ளங்கை அகலம்.

"அம்மிணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இது ஏற்கெனவே அடிபட்டுப் பட்டி பாத்த சரக்கு."

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க."

"ஏமாந்துட்டேன்."

"கடையில பாத்தப்பத் தெரிஞ்சுதுங்களா?"

"இல்ல."

"பாய்க்கு?"

தண்டபாணி யோசித்தார். "அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்பப் பட்டி பாத்தவன் நல்ல வேலைக்காரன்."

"அதெல்லாம் சரிங்க. எனக்கு அடியே படாத பம்பர் வேணும்."

"அப்ப ஓடாத வண்டியாப் பாத்துக் கழட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

அவர் ஈரக் கையை உதறிக்கொண்டார். பிறகு மறுபடி தேய்த்தார். வேறு வழியும் இல்லை.

பெயிண்ட் கலக்கும் நாள் வந்தது. கதவுக்குள் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் படம் பிடித்து வந்து நீட்டினார். அந்தச் சிவப்புக்கு உண்டான நம்பர் அதில் இருந்தது.

ரெஜினா அதை வாங்கவில்லை.

"அது வண்டி பொறந்தப்ப இருந்த சிவப்பு" என்றாள். "வெயில் பட்டு இப்ப எங்க நிக்குதோ, அங்க போய்த்தான் சேரணும்."

சின்னச் சின்ன அட்டைகளில் அடித்துக் காய வைத்தாள். பம்பருக்குப் பக்கத்தில் வரும் முன் மட்கார்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கலவையில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டாள். மறுபடி அடித்தாள். காலையில் பார்த்ததைச் சாயங்கால வெயிலிலும் பார்த்தாள். தன் பட்டறையில்கூட அப்படியொரு பொறுமையை அவர் பார்த்ததில்லை. மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பம்பர் ஏறியது. தண்டபாணி வந்து பார்த்தார். நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஓரத்துல நூல் அளவு வேற மாதிரி இருக்குதுங்க."

ரெஜினா வாக்குவாதம் பண்ணவில்லை. கழற்றினாள், தேய்த்தாள், மறுபடி அடித்தாள்.

அடுத்த வாரம் வந்தார். போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இப்ப அந்த ஓரம் சரியாப் போச்சு. இந்த ஓரம்தான் கொஞ்சம்."

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், இதை இடிச்சவங்களைக் கூட்டியாங்க."

"எதுக்கு?"

"அவங்க பாத்து ஒரு இடத்தைக் காட்டட்டும். அதைச் சரி பண்ணித் தர்றேன். அவங்க பாக்காம வண்டி போகாது."

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

ரெஜினா முகக்கவசத்தை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் பதில் வராது என்பது ஊரறிந்த விஷயம்.

அன்று சாயங்காலம் தண்டபாணி வீட்டுக்குள் முன்னும் பின்னுமாக நடந்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு இவ்வளவு தயக்கம் வரும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பூங்கோதை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? பெயிண்ட் கடைக்கு."

அவள் டியூபைக் கீழே போட்டாள்.

"நான் எதுக்குங்க? இடிச்சது பத்தாதா, வந்து வேற பாக்கோணுமா?"

"அந்தப் பொண்ணு நீ வராம வண்டியைத் தரமாட்டேங்குது."

"ஏனாமா?"

"தெரியல. புடிச்சா புடிச்ச புடிதான்."

"உங்களை விடவா?" என்றாள் பூங்கோதை.

பாலும் தண்ணியும் இல்லாத ஒரு பேச்சை அவள் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தண்டபாணி குனிந்து டியூபை எடுத்தார்.

"நான் அன்னைக்கு…" என்று ஆரம்பித்தார். மேலே எப்படிப் போவதென்று தெரியவில்லை. "பத்து மணிக்குப் போலாம்" என்று முடித்தார்.

மறுநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கார் வாசலில் வெயிலில் நின்றது. பூங்கோதை அதை நேராகப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"அக்கா, வாங்க" என்றாள் ரெஜினா. "கலர் எங்க சேரலைன்னு நீங்க ஒரு இடம் காட்டுங்க. சார், நீங்க பேசக்கூடாது."

பூங்கோதை முன்பக்கம் போய் நின்றாள். தூணில் மோதிய அந்த மூலையைப் பார்த்தாள். குனிந்தாள். தொடுவதற்குக் கையை நீட்டிவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள்.

தண்டபாணி அதைப் பார்த்தார். ரெண்டடி தள்ளி நின்றார்.

"தொடுங்கக்கா" என்றாள் ரெஜினா.

அவள் தொட்டாள். மெதுவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

"எனக்கு இங்க ஒண்ணும் தெரியலீங்க."

அவள் காரைச் சுற்றி நடந்தாள். கதவைத் தாண்டினாள். பின்பக்கம் போய் நின்றாள்.

"இங்கதான்" என்றாள், பின் பம்பரைக் காட்டி.

தண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கம்பெனி பெயிண்ட். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் கை வெச்சதில்ல."

ரெஜினா கொஞ்சம் நகர்ந்து அவருக்கு வழி விட்டாள்.

அவர் குனிந்தார். பம்பருக்கு மேலே இருந்த தகரத்தின் சிவப்பையும் பம்பரின் சிவப்பையும் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். பம்பர் லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. நூல் அளவெல்லாம் இல்லை, நன்றாகவே தெரிந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கையால் துடைத்த பம்பர்.

"தகரத்தைத் தனியா அடிப்பாங்க, பிளாஸ்டிக்கைத் தனியா அடிப்பாங்க" என்றாள் ரெஜினா. "வரும்போதே அப்படித்தான் வந்திருக்குது."

தண்டபாணி மனைவியைப் பார்த்தார்.

"இதை இப்பத்தான் பாத்தியா?"

"வண்டி வந்த அன்னைக்கே பாத்தனுங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

பூங்கோதை தயங்கினாள்.

"தெருவுல எல்லாரையும் கூப்புட்டுக் காட்டிட்டு இருந்தீங்க. அத்தனை சந்தோசமா இருந்தீங்க. அப்பப் போயி என்னத்தச் சொல்றது?"

தண்டபாணி குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

பூங்கோதை வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.

"சாவி வண்டியிலதானுங்கக்கா இருக்குது" என்றாள் ரெஜினா.