ஒரு கோடி பிட்

லாசர் பர்னாந்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய ஆசிரியை மங்கையர்க்கரசிக்கு முப்பத்துநான்கு.

கப்பலில் இருபத்தாறு வருடம் ரேடியோ அதிகாரியாக இருந்துவிட்டுக் கரைக்கு வந்த பர்னாந்து, தூத்துக்குடியில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து ரேடியோவில் தகவல் அனுப்பி வாங்கும் மோடம் பற்றிப் படித்தார். சொல்லிக்கொடுத்தவர் மங்கை. பிறகு, படகுகளுக்கான மோடம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் மங்கை சோதனைக்கூடப் பொறுப்பை ஏற்றபோது பர்னாந்தையும் கூட அழைத்துக்கொண்டார். மங்கை அவரை அண்ணாச்சி என்பார். பர்னாந்து மங்கையை டீச்சர் என்பார். வகுப்பு முடிந்து மூன்று வருடமாகியும் அது மாறவில்லை.

புதிய மோடம் போர்டுகள் இரண்டு வந்திருந்தன. ஒன்று இங்கே மாடியில் இருக்கும். மற்றது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், வீரபாண்டியன்பட்டணத்தில் ஒரு ஐஸ் பேக்டரியின் மொட்டை மாடியில் இருக்கும். இங்கிருந்து ஒரு கோடி பிட், ஒரு கோடி தகவல் துணுக்குகள், அனுப்ப வேண்டும். அங்கிருக்கும் போர்டு வாங்கியதை அப்படியே திருப்பி அனுப்பும். எத்தனை பிட் தவறாக வந்தது என்று திரை எண்ணிச் சொல்லும்.

முந்தின நாள் இங்குள்ள போர்டை ஆண்டெனா இல்லாமல் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார்கள். குறை எதுவும் இல்லை.

"அந்தப் பக்கத்துக்கு நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று மங்கை சொல்லியிருந்தார்.

"முட்டி வலி டீச்சர்."

"பஸ்தானே ஓடப் போவுது. நீங்களா ஓடப் போறீங்க?"

பர்னாந்து சிரிக்கவில்லை. அதனால் சோதனைக்கூடத்துப் பையன் இஸ்மாயில் மற்ற போர்டை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போனான்.

மங்கைக்குக் காரணம் தெரியும். வீரபாண்டியன்பட்டணத்தில் பர்னாந்தின் மகள் ஸ்டெல்லா இருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிக்காத திருமணம். திருமண நாளன்று அவள் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் இவர் எடுக்கவில்லை. நான்கு வருடமாயிற்று. மனைவி மாதம் ஒருமுறை போய் வருகிறாள். பஸ் ஏற்றிவிடுவதும், சாயங்காலம் போய்க் கூட்டிவருவதும் பர்னாந்து. அங்கே என்ன பேசினார்கள் என்று இவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. பை மட்டும் போகும்போது கனமாகவும் வரும்போது லேசாகவும் இருக்கும்.

மாடியில் ஆண்டெனாவைத் தெற்குப் பார்த்து நிறுத்தினார்கள். மங்கை திசைகாட்டியை எடுத்து வருவதற்குள் பர்னாந்து கம்பத்தைக் கொஞ்சம் மேற்கே திருப்பி ஆணியை முடுக்கிவிட்டார். மங்கை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

கீழே இறங்கும்போது பர்னாந்து கேட்டார்.

"டீச்சர், என்ன பதில் வரும்னு தெரிஞ்ச இடத்துக்கு எதுக்கு ஒரு ஆள் செய்தி அனுப்பணும்?"

"தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். தினமும் மனசுக்குள்ள கூப்பிட்டுப் பாக்கேன். 'அன்னிக்கு எடுக்காத போனை இன்னிக்கு எதுக்கு எடுத்தீங்க'ன்னு கேப்பா. வச்சிருவா."

"தினமும் அதேதானா?"

"அதேதான்."

"ஒரு வார்த்தைகூட மாறாம?"

"நாலு வருஷமா ஒரு எழுத்துகூட மாறல."

மங்கை படியில் ஒரு கணம் நின்றார்.

"வாங்க, போர்டை ஓட்டிப் பாப்போம்" என்றார்.

பர்னாந்து ஆண்டெனா கேபிளை மாட்டினார். மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் எண்கள் ஏறின. பத்து லட்சம். முப்பது லட்சம். மங்கை அதற்குள் வேறு மேசைக்குப் போய்விட்டிருந்தார்.

"டீச்சர்! ஒரு கோடியும் போயாச்சு. தப்பு எத்தனைங்கீங்க?"

"எத்தனை?"

"பூஜ்யம்! முப்பது கிலோமீட்டர், கடல் காத்து, எல்லாத்தையும் தாண்டிப் போயி ஒண்ணுகூடத் தப்பாம வந்திருக்கு. கப்பல்ல இருந்த காலத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

பதிவேட்டில் தேதி போட்டு, பெரிய பூஜ்யமாகவே எழுதினார்.

மங்கை எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "ஒண்ணுகூட மாறலியா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட."

"இஸ்மாயிலுக்கு ஒரு போன் போடுங்க. நல்ல சேதி சொல்லணும்ல."

பர்னாந்து போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார்.

"இஸ்மாயிலு, பிச்சுட்டோம்டே! ஒரு தப்பு இல்ல!"

"எதுல அண்ணாச்சி?"

"எதுலயா? உன் போர்டுலதான்டே."

"என் போர்டா? அது இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு. இங்க கரண்ட் இல்ல. பத்து மணிக்கு வரும்னாவ. நான் கீழ கடையில சாயா குடிச்சிட்டிருக்கேன்."

பர்னாந்து போனைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

"அப்ப இவ்வளவு நேரம் யாரு பதில் சொன்னது?"

மங்கை திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். 'லூப்' என்று எழுதியிருந்தது. அதில் டிக் இருந்தது. நேற்றுத் தனியாகச் சோதிக்கப் போட்ட டிக். அது இருக்கும்வரை போர்டு தான் அனுப்பியதை வெளியே விடாது. தானே வாங்கிக்கொள்ளும்.

"கேபிள் மாட்டினேனே. பச்சை விளக்கும் எரிஞ்சுதே."

"எரியும்."

பர்னாந்து டிக்கை எடுத்தார். திரை வெறுமையானது. 'காத்திருக்கிறது' என்ற ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

பத்து மணிக்கு அங்கே மின்சாரம் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பர்னாந்து நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த வரியின் முன்னால் உட்கார்ந்தார். மங்கை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. ஒருமுறை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு எண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

ஒன்றேகாலுக்கு எண்கள் ஓட ஆரம்பித்தன.

இந்த முறை விட்டு விட்டு ஏறின. நின்றன. மறுபடி ஏறின. ஒரு கோடி முடிய வெகுநேரமானது. தவறாக வந்தவை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

"இவ்வளவு தப்பா!" என்றார் பர்னாந்து.

போனில் இஸ்மாயில் கத்தினான். "காத்து போடு போடுன்னு போடுது அண்ணாச்சி! கம்பம் ஆடுது! எனக்கு இந்த ஆண்டெனாவை எப்படித் திருப்பணும்னே பிடிபடல!"

மங்கை பேனாவை எடுத்தார். பதிவேட்டில் புதிய வரியில் 2316 என்று எழுதி, அடியில் கோடு போட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"சந்தோசமா இருக்கீங்க?"

"அங்கேருந்து வந்திருக்குல்லா அண்ணாச்சி."

பர்னாந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆண்டெனா திருப்பத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் அங்க போகணும்" என்றார் மங்கை. "இஸ்மாயிலுக்கு வராது. நான் இங்க திரை முன்னால இருக்கணும்."

பர்னாந்து நாற்காலியை விட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். சாலையில் வீரபாண்டியன்பட்டணம் வழியாகப் போகும் திருச்செந்தூர் பஸ் ஒன்று திரும்பி, தெற்கே போனது. அது மறையும்வரை நின்றார்.

"முதல் பஸ் அஞ்சே முக்காலுக்கு" என்றார், பஸ்ஸிடம் சொல்வதைப் போல. "வேலை ஒரு மணி நேரம்தான். அப்புறம் பகல் பூரா கிடக்கும். ஐஸ் பேக்டரிக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவ வீடு."

மங்கை காத்திருந்தார்.

"போய் நின்னா என்ன சொல்லுவாளோ... தெரியலையே டீச்சர்."

மங்கை பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். காலையில் எழுதிய பூஜ்யத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

"காலையில தெரியும்னு சொன்னீங்க, அண்ணாச்சி."