நீட்டிய இடது கை

கொள்ளிடத்து வெள்ளத்தில் ஆட்களைக் கரையேற்றப் போன சாரணன் இளஞ்சேரன் திரும்பி வரவேயில்லை. அவன் இடத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, தங்கை பூவிழி பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள்.

சாரணர் ஆசிரியர் ஞானப்பிரகாசம் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை? சரி, ஏதாவது ஒரு சாரணன் உன்னையும் சாரணர்னு ஒத்துக்கிட்டா சேர்த்துக்கிறேன், போ."

அவரை மீறி வாய் திறக்க அந்தப் படையில் எவனுக்குத் துணிச்சல்?

இறந்தவனுக்குப் பதக்கம் கொடுக்கக் கலெக்டர் வந்தார். அம்மாவால் எழுந்து வர முடியவில்லை. அண்ணனின் காக்கிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாகப் பூவிழிதான் மேடையேறினாள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, ஆசிரியர் முன்னால் விறைப்பாக நின்று மூன்று விரல் வணக்கம் வைத்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். வருஷக்கணக்கான பழக்கம்; அவருடைய இடது கையும் தானாக நீண்டு குலுக்கியது.

அவள் பிடியை விடவில்லை.

"சார், சாரணருக்குச் சாரணர்தானே இடது கை கொடுப்பாங்க? மத்தவங்களுக்குக் கொடுத்தா அவமரியாதை. நீங்க எனக்குக் கொடுத்தது எதுங்க சார்?"

கலெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர் அவசரமாகத் தலையாட்டினார்.

"சாரணருக்குக் கொடுக்கறதுதான்மா. திங்கக்கிழமை வந்துடு."

கூட்டம் கைதட்டியது. பூவிழி தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிற்சி முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் அண்ணன் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவான். அவன் போன பிறகு அவள் அதை யாரிடமும் நீட்டியதில்லை, இன்றைக்கு வரைக்கும்.