விசாகத்தம்மா வீட்டுக் கல்யாணமும் கண்ணுக்குத் தெரியாத கடலும்

ஒரே ஒரு வானத்துல ஒரு விசாகத்தம்மா இருந்தாளாம். அவ ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்குப் பொண்ணுங்கன்னா யாரு? வெளிச்சக் கீத்துங்கதான். மூத்தவ செவ்வந்தி, அடுத்தவ பச்சை, அதுக்கப்புறம் ரெட்டைப் பிள்ளைங்க நீலாவும் ஊதாவும். ம் சொல்லுடி, சொல்லலேன்னா கதை நின்னுடும். ஆங், அப்படி.

செவ்வந்திக்குக் கல்யாணம் வச்சாச்சு. பந்தல் போட்டாச்சு, மேளக்காரங்க டும் டும்னு தட்டிப் பாத்தாச்சு. ஆனா தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டணும், கட்டினாதான் தாலி ஏறும். அந்தத் தாய்மாமன் யாருன்னா, எதிர்ப்பக்கம் செக்கச்செவேல்னு பெருசா உக்காந்திருக்காரே திருவாதிரை மாமா, அவருதான். விசாகத்தம்மாவோட கூடப்பொறந்த தம்பி. வருசக்கணக்கா அக்கா வீட்டு வாசலை மிதிக்கல. "திமிரு புடிச்சவன், மூஞ்சி எப்படிச் செவந்து கெடக்கு பாரு"ன்னு ஊரே பேசும். விசாகத்தம்மாவும் மூஞ்சியைத் திருப்பிக்குவா. திருப்பிக்கிட்டுக் கண்ணைத் தொடச்சுக்குவா.

அப்போ அவ சொன்னா, "பச்சை, நீ போடி. நான் அடுப்பை விட்டு நகர முடியாது. தட்டைக் கையில குடுத்து, வாங்க மாமான்னு வாய் நெறையக் கூப்பிடு. கூப்பிட்டும் வரலேன்னா..." சொல்லிட்டுக் கரண்டியை எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டா.

பச்சை தட்டைத் தூக்கிட்டா. வெத்தலை, பாக்கு, மஞ்சள், பூ, நடுவுல பத்திரிகை. வானத்து விளிம்பு வரைக்கும் விறுவிறுன்னு வந்தவ, டக்குனு நின்னுட்டா. ஏன்? அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஆமாடி, நீச்சல்தான். நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒரு கடல் இருக்குன்னு அங்க எல்லாரும் நம்பினாங்க. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது, ஆனா நெறைஞ்சு தளும்பி நிக்குதாம். அதைத் தாண்டணும்னா மாசானத்தோட தோணியிலதான் போகணும். எனக்கு அந்த மாசானத்தை நெனச்சாலே பத்திக்கிட்டு வரும். மீசையும் துடுப்புமா உக்காந்திருப்பான், கூப்பிட்டா, "இப்பப் போக முடியாது, அலை ஜாஸ்தி"ம்பான்.

"அலையே தெரியலையே அண்ணே?"ன்னா பச்சை.

"தெரியாத தண்ணியில அலை மட்டும் தெரியுமா?"

"தண்ணி இருக்கிறது நெசந்தானா?"

"தண்ணி இல்லேன்னா எங்க தாத்தா எதுக்குத் தோணி செஞ்சாரு?"

இதுக்கு என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு.

முகூர்த்தத்துக்கு மூணே நாழிகை. பச்சை தட்டுலேருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து விளிம்புலேருந்து போட்டா. காதைத் தீட்டிக்கிட்டு நின்னா. தொபுக்குன்னு ஒரு சத்தம் வரணுமில்ல? வரல.

"ரொம்ப ஆழம். சத்தம் வந்து சேர நாலு நாள் ஆகும்"னு மாசானம் மீசையை முறுக்கினான்.

அப்புறம் பச்சை முந்தானையை உள்ள விட்டு முக்கி, சரக்குனு இழுத்து, முறுக்கு முறுக்குன்னு முறுக்கிப் பிழிஞ்சா. ஒரு சொட்டு இல்ல.

"பிழியிறவங்களுக்கு வராது. இது கூச்சப்படுற தண்ணி"ங்கிறான்.

ம் சொல்லு. காலை என் வயித்து மேலேருந்து எடு முதல்ல.

மூணாவதா பச்சை கேட்டா, "அண்ணே, இது நிக்கிற தண்ணியா, ஓடுற தண்ணியா?"

"ஓடுற தண்ணி! கெழக்கேருந்து மேக்க, குபுகுபுன்னு."

"அப்போ எதிர்த்துப் போய்த் திரும்புறவளுக்கு நேரமாகும், குறுக்கே போய்த் திரும்புறவ சீக்கிரம் வந்துடுவா. சரிதானே?"

"தோணிக்காரனுக்கே சொல்லித் தர்றியா? சரிதான், சரிதான்."

பச்சை திரும்பி ஓடி, நீலாவையும் ஊதாவையும் இழுத்துட்டு வந்தா. ஓட்டத்துல ஒருத்தியை ஒருத்தி மயிரிழை கூட முந்த மாட்டாங்க. முங்கினா இழுத்துக்கலாம்னு ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரே நீளத்துக்குக் கயிறு கட்டினா. "நீலா, நீ கெழக்க எதிர்த்து ஓடு. ஊதா, நீ குறுக்கே ஓடு. கயிறு இழுத்ததும் திரும்பிடுங்க." கல்யாண வீடே வேடிக்கை பாக்க வந்துடுச்சு, மேளத்தைப் போட்டுட்டு மேளக்காரங்களும் வந்துட்டாங்க. சர்ர்ர்ருன்னு கெளம்பினாங்க, விசுக்குன்னு திரும்பினாங்க, ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வந்து மடேர்னு மண்டையோட மண்டை இடிச்சு விழுந்தாங்க.

ஒரே கூச்சல். "நீலா காலுதான் முன்னாடி!" "இல்ல, ஊதா மூக்குதான் முன்னாடி!" மாசானம் துடுப்பால தட்டி, "இன்னைக்குன்னு பாத்து தண்ணி ஓடாம நின்னுபோச்சு"ன்னு அடிச்சுச் சொல்றான். பச்சை மட்டும் தங்கச்சிங்க காலையே பாத்துட்டு நின்னா. காலு காஞ்சு கெடக்கு. யாரு முந்தினான்னு எல்லாரும் பாத்தாங்களே தவிர, இதுங்க தோணி இல்லாமப் போயிட்டு வந்துச்சே, முங்கலையேன்னு ஒருத்தர் கூடப் பாக்கல.

அவ தட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா, காலை எடுத்து வச்சா. ஒரு அடி. ரெண்டு அடி. முங்கல. அப்புறம் ஓடினா பாரு, வெளிச்சம் ஓடுற ஓட்டம், போய்த்தான் நின்னா மாமா வாசல்ல.

"வாங்க மாமா"ன்னு தட்டை நீட்டினா. மாமா கையை நீட்டல. "மாசானம் தோணியிலயா வந்தே?"ன்னு கேட்டாரு.

"இல்ல மாமா, நடந்து வந்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

அவ்வளவு பெரிய மனுசன் தொபால்னு உக்காந்துட்டாரு. "ஒண்ணுமே இல்லையா? அக்காவைப் பாக்க எத்தனை தடவை அந்தத் தோணியில ஏறினேன் தெரியுமா? காலை வச்சதும் ஒரு பக்கம் சாஞ்சுடும். உன் உடம்புக்கு இது தாங்காது, முங்கிடுவோம், எறங்குன்னு எறக்கி விட்டுடுவான். வெளிய சொல்ல வெக்கம். திமிருன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்." அழுது அழுதுதான் அவரு மூஞ்சி செவந்து கெடந்திருக்கு, பாவம்.

பச்சை அவரு சுண்டுவிரலைப் புடிச்சு எழுப்பினா. அவ கைக்கு அந்த ஒரு விரல்தான் அடங்குச்சு. மாமா தட்டை வாங்கித் தலையில வச்சுக்கிட்டாரு, வேட்டியை முட்டிக்கு மேல தூக்கிக் கட்டினாரு.

"தண்ணியே இல்ல மாமா!"

"இருக்கட்டும்மா, எதுக்கும்."

வழி முழுக்க, ஈரத்துல நடக்குற பூனை மாதிரி, ஒவ்வொரு காலா உதறி உதறி வந்தாரு. நடுவழியில மாசானம் தோணியில நின்னுக்கிட்டு, "ஆழம் பாத்து வாங்க!"ன்னு கத்தினான். அவன் திருந்துற ஆளா?

மேளம் கொட்டிட்டு இருக்கு. மாமா பந்தலுக்குள்ள நுழையிறாரு, வேட்டியை இன்னும் எறக்கல. விசாகத்தம்மா கையில கரண்டியோட ஓடி வந்தா. நல்லாத் திட்டணும்னுதான் வாயைத் தொறந்தா. "ஏண்டா, இத்தனை வருசமா என்னடா பண்ணிட்டிருந்தே?"

மாமா குனிஞ்சு தன் காலைப் பாத்தாரு. "நடுவுல தண்ணி இருக்குன்னு நெனச்சேன்க்கா."

விசாகத்தம்மா கரண்டியைக் கீழ போட்டுட்டு அவரு கையைப் புடிச்சுக்கிட்டா. "நானும்தாண்டா"ன்னா.

பட்டம் கட்டியாச்சு, தாலி ஏறியாச்சு, பந்தலைப் பிரிச்சாச்சு, கதையையும் சுருட்டி வச்சாச்சு. நீ கண்ணை மூடுடி.