வேடன் காலடியில் ஒரு முயல்

அந்தக் காலத்தில் வானம் பாதி வெறுமையாகக் கிடந்தது. பூமியிலோ ஊர்வதற்கும் பறப்பதற்கும்கூடப் பேச்சு இருந்தது. மேற்கே யவனக் கடலின் நடுவில் ஒரு சின்னத் தீவு. ஒலிவமரம், அத்திமரம், பாறை, இவ்வளவுதான் அங்கே. மனிதர் யாரும் குடியேறவில்லை. ஆடும் ஆமையும் கவுதாரியும் தேளும் தங்களுக்குள் சிரித்துப் பேசி, சண்டை போட்டு, நிம்மதியாகக் காலம் தள்ளின.

அந்தத் தீவிலேயே பெரிய வாய், லாகி என்கிற பெண் முயலுக்கு. யார் முட்டையிட்டது, யார் யாரை முறைத்தது, எந்த அத்தி பழுத்தது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததை வயிற்றில் வைத்துக்கொள்ள அவளால் ஆகாது. தூக்கத்திலும் பேசுவாள்.

"ஏண்டி லாகி, உன் வாய் வலிக்கவே வலிக்காதா?" என்று ஆமைப் பெரியம்மா கேட்டால், "பேசாம இருந்தாத்தான் பெரியம்மா வலிக்குது" என்பாள்.

அவளுக்கு மூன்று குட்டிகள். பிறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. புல் நுனியைக் கடிக்கப் பழகிக்கொண்டிருந்தன. முயல் தன் குட்டிகளை ஒரே இடத்தில் வைக்காது. லாகியும் ஒன்றை ஒலிவமரத்தடியிலும், ஒன்றைப் புதர்ச் சரிவிலும், ஒன்றைச் சுனையோரத்துப் புல்லிலும் படுக்க வைத்திருந்தாள். பொழுது சாய்ந்து ஒலிவமரத்தின் நிழல் சுனையைத் தொட்டதும் மூன்றும் அங்கங்கே இருந்து "அம்மா, பால்!" என்று கூப்பிடும். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இவள் ஓடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு நாள் காலையில் வடக்கேயிருந்து ஒரு நாரை தள்ளாடிப் பறந்து வந்து சுனையருகே விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"தெரோன் வர்றான்" என்றது நாரை.

தெரோன் என்கிற வேடனைத் தெரியாத உயிர் அந்தக் கடலில் கிடையாது. நடுக்கடலில் நடந்தால் தண்ணீர் அவன் மார்புக்குத்தான் வரும். கையில் வெண்கலத் தடி. இடுப்புக் கச்சையில் வரிசையாக மூன்று வெள்ளிக் குமிழ். பூமியில் மூச்சு விடுகிற ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டேன் என்று சபதம் செய்தவன்.

"அவன் கண்ணைத்தான் எவனோ ஒரு ராஜா தோண்டிட்டானாமே?" என்று காட்டாடு கேட்டது.

"கண்ணு போச்சு. போனதுனால என்ன? இப்ப அவன் உடம்பு முழுக்கக் காது. இலை விழுந்தா சும்மா இருப்பான். குஞ்சு முனகினா கை நீட்டுவான். எங்க தீவுல நான் ஒருத்தன்தான் மிச்சம். உச்சிப் பொழுதுக்குள்ள இங்க வந்துருவான். ஓடி ஒளியறதெல்லாம் வீண். யாரும் வாயைத் திறக்காதீங்க."

நாரை சொல்லி முடித்ததும் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள் லாகி.

"வேற யாரைப் பாக்கறது?" என்றது ஆடு. "நாங்க செத்தா உன்னாலதான் சாவோம்."

லாகிக்குச் சுருக்கென்றது. "அப்படியா? இந்தச் சேதியை இப்பத் தீவு முழுக்க யாரு ஓடிச் சொல்றது? நீ சொல்வியா, இல்ல பெரியம்மா நடந்து போய்ச் சொல்வாங்களா? நானே சொல்லிட்டு வர்றேன். அப்புறம் பாரு, என் வாய் கல்லு மாதிரி இருக்கும்."

ஓடினாள். கவுதாரியிடம் சொன்னாள், பாம்புப் பொந்தில் சொன்னாள், நண்டு வளையில் குனிந்து சொன்னாள். கடைசியாக மேற்கு ஓரத்தில் ஒரு தட்டையான சிவப்புக் கல். அதன் அடியில் தேள் இருந்தது.

"தேளண்ணே, இனிமே யாரும் பேசக் கூடாதாம்."

"நான் என்னைக்குப் பேசினேன்? என் கல்லை மிதிக்காத வரைக்கும் எனக்கு யாரும் பகை இல்ல. மிதிச்சா, எவ்வளவு உயரம்னு பாக்க மாட்டேன்."

"அடேயப்பா, இவ்வளவு பேசுவியா நீ!" என்று சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

பாதி வழியில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் சொன்னாள். பெற்ற மூன்றுக்கும் சொல்லவில்லை.

காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பறந்தாள். அதற்குள் கரையில், கூழாங்கல் மேல் வெண்கலம் உரசும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

கவுதாரிக்குத் தெரியும், பேசக் கூடாது என்று. ஆனால் குஞ்சு ஒன்று வழி தப்பி நடந்ததைப் பார்த்து ஒரே ஒரு தரம் கூப்பிட்டுவிட்டது. பிறகு கவுதாரியும் இல்லை, குஞ்சும் இல்லை.

லாகி வெட்டவெளியில் புல்லோடு புல்லாகப் படுத்துவிட்டாள். வேடன் நேரே மேட்டுக்கு ஏறி வந்தான். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. நடுவிலிருந்த பாறையில் உட்கார்ந்தான். அவன் குதிகால் அவள் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் இறங்கியது. பாசி நாற்றமும் ரத்த நாற்றமும் அடித்தது. இமைத்தால்கூடக் கேட்டுவிடுமோ என்று அவள் இமைக்கவில்லை.

தெரோன் சிரித்தான். குரல் மிருதுவாக இருந்தது, பிள்ளையைத் தூங்க வைக்கிறவன் குரல் மாதிரி.

"நல்லா இருக்கே, ஒரு சத்தமும் இல்ல. யாரோ சேதி சொல்லியிருக்காங்க. பரவாயில்ல. எத்தனை தீவு பாத்தவன் நான். பெரியவங்களுக்கு வாயை மூடத் தெரியும். சாயங்காலம் ஆனா குட்டிகளுக்குப் பசிக்கும். குட்டிகளுக்கு வாயை மூடத் தெரியாது. அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருக்கேன்."

தடியை மடியில் வைத்துக்கொண்டான்.

வெயில் சாய்ந்தது. லாகியின் கண்ணுக்கு நேராக ஒலிவமரத்தின் நிழல் நீண்டுகொண்டே வந்தது. பத்தடி. ஐந்தடி. நாள் முழுக்க ஓடிய அந்த வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. தான் பேசாமல் இருந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது, இவன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான், நாளைக்கும் தான் புல் தின்னலாம். அவளுக்கு அவன் தடியைவிட அந்த நினைப்புதான் பயமாக இருந்தது.

நிழல் சுனையைத் தொட்டது. கரையோரத்துப் புல் அசைந்தது.

"அம்..." என்று ஒரு சின்னக் குரல்.

தெரோனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. எழுந்தான். கை உயர்ந்தது.

"பிள்ளைங்களா!" என்று கத்தினாள் லாகி. தீவு மொத்தமும் கேட்கும்படி கத்தினாள். "நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்காதீங்க! என்ன ஆனாலும் திறக்காதீங்க!"

சுனைப்பக்கம் அடங்கிவிட்டது.

"ஓ, தாய் இங்கேயே இருக்கா?" என்றான் வேடன். குனிந்து கை வீசினான். லாகி அந்தக் கைக்கடியில் புகுந்து ஓடினாள். சும்மா ஓடவில்லை, பேசிக்கொண்டே ஓடினாள். ஆமைப் பெரியம்மா குறட்டை விடுவதைச் சொன்னாள், ஆடு தேனடையில் மூக்கு விட்டதைச் சொன்னாள், வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். தள்ளிப் போனால் அவன் சுனைக்குத் திரும்பிவிடுவான் என்று தெரியும். அதனால் அவன் காலடியை விட்டு ஒரு முழம்கூட விலகவில்லை. தடி இந்தப் பக்கம் விழுந்தது, அந்தப் பக்கம் விழுந்தது. முதுகில் மண் தெறித்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மேற்கு ஓரம் வந்தது. சிவப்புக் கல்லைத் தாண்டிக் குதித்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன, களைச்சுட்டியா?" என்றாள். "இதோ, இங்கதான் இருக்கேன்."

வேடன் கால் எடுத்து வைத்தான். கல்லின் மேல்.

அவன் எவ்வளவு உயரம் என்று தேள் பார்க்கவில்லை, கொட்டிவிட்டது.

தெரோன் அலறியதில் கடல் பின்வாங்கியது. அவன் சாய்ந்தான். நகர நேரமில்லை, லாகி அவன் காலடியிலேயே அகப்பட்டாள். வார்த்தை எதுவும் வரவில்லை. ஒரே ஒரு கத்தல், அவ்வளவுதான்.

பூமித்தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் என் மடியில் மட்கக் கூடாது" என்று வேடனைத் தூக்கி வானத்தில் எறிந்தாள். கச்சைக் குமிழ் மூன்றும் மூன்று விண்மீன்களாக அங்கே ஒட்டிக்கொண்டன. அவன் காலடியில் இருந்த லாகியும் விண்மீனாகிக் கூடவே போய்விட்டாள். அவன் மறுபடி எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, தேளையும் எடுத்து வானத்தின் எதிர் ஓரத்தில் காவல் வைத்தாள். இன்றும் கிழக்கே தேள் தலை காட்டினால் மேற்கே வேடன் இறங்கி ஓடிவிடுகிறான்.

தீவில் மற்றவர்கள் மறுநாளே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆமைப் பெரியம்மா மூன்று குட்டிகளிடமும் போய், "போயிட்டான் கண்ணுங்களா, இனிமே பேசலாம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆடு அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தது. குட்டிகள் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவள் இன்னும் வந்து சொல்லவில்லையே. அவை வளர்ந்தன, குட்டி போட்டன, அந்தக் குட்டிகளையும் அப்படியே வளர்த்தன.

முயல் இனம் வாய் மூடிப் போனது அன்று முதல்தான். உயிர் போகிற நேரத்தில் மட்டும், லாகி கத்தினது போலவே ஒரே ஒரு தரம் கத்தும். மற்ற நாளெல்லாம் பொழுது சாய்ந்ததும் வெட்டவெளியில் வந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் வானத்துக்கு நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.