கப்பித்தானுக்குத் திருப்பிக் கொடுத்த மரியாதை

சிப்பிமுனைக் கோட்டை லேசுப்பட்ட கோட்டை இல்லை. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மணல். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மதில். மதில்மேல் வரிசையாகப் பீரங்கிகள், எல்லாம் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைப் பார்த்தே பல கப்பல்கள் ஒதுங்கிப் போய்விடும்.

அப்பேர்ப்பட்ட கோட்டையில் ஒருநாள் ஒரு பிடி வெடிமருந்துகூட இல்லாமல் போயிற்று. எதிரி கொள்ளையடித்தானா? இல்லை. மழையில் நனைந்ததா? அதுவும் இல்லை. இளவரசருக்குக் காதுகுத்து! கடம்பராய மகாராஜா ஆசை ஆசையாய் வாணவேடிக்கை விட்டார். குழந்தை கைதட்டிச் சிரித்தது. "இன்னும் விடுங்கள், இன்னும் விடுங்கள்" என்றார் ராஜா. விட்டார்கள். மருந்துக் கிடங்கைத் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் தூர தேசத்துக் கப்பல் ஒன்று கோட்டைக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டது. டமார், டமார் என்று ஏழு வெடி வெடித்தது.

பயப்பட வேண்டாம், அது மரியாதை வெடி. குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிப்பார்கள். கப்பல் ஏழு வெடித்தால் கோட்டையும் ஏழு வெடித்துப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். பதில் சொல்லாவிட்டால்? உள்ளே மருந்து இல்லை என்று கப்பலுக்குத் தெரிந்துவிடும். மருந்தில்லாத கோட்டையை யார்தான் விட்டுவைப்பார்கள்? கப்பலின் தலைவனான கப்பித்தானும் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "தளபதியாரே, ஏதாவது சொல்லுமய்யா!"

தளபதி மழவராயர் மீசையைத் தடவினார். "முரசை அடிப்போம் மகாராஜா. தூரத்தில் கேட்டால் வெடி மாதிரியே இருக்கும்."

"புகைக்கு?"

"சாம்பிராணி போடலாம்."

ராஜா தலையில் அடித்துக்கொண்டார். அரண்மனையின் வாயாடி பிச்சாண்டி ஓரமாக நின்று களுக்கென்று சிரித்துவிட்டான். தளபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவன் வாயிலிருந்து வருவது எல்லாம் வெடிதானே மகாராஜா! இவனையே அனுப்புங்கள்."

"போகிறாயா பிச்சாண்டி?" என்றார் ராஜா. "காரியம் கெட்டால் கோட்டை போகும். அதற்கு முன்னால் உன் தலை போகும்."

"இரண்டும் ஒரே நாளில் போனால் செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டும் இளநீர்க் குலையுமாகக் கட்டுமரத்தில் ஏறிவிட்டான் பிச்சாண்டி.

கப்பித்தான் பலமுறை முத்து வாங்க வந்தவன், தமிழ் நன்றாகவே பேசுவான். "என்ன, பதில் வெடியைக் காணோம்? மருந்து தீர்ந்துவிட்டதோ?" என்று கண்ணைச் சிமிட்டினான்.

"ஐயோ, தீர்வதாவது! உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் ராஜா அனுப்பினார். கப்பலில் யாருக்காவது நீச்சல் தெரியுமா?"

"நீச்சலா? எதற்கு?"

"எங்கள் தளபதி ரொம்ப உஷார்ப் பேர்வழி. எல்லாப் பீரங்கியிலும் எப்போதும் குண்டு போட்டே வைத்திருப்பார். மரியாதை செய்தால் மரியாதையோடு குண்டும் சேர்ந்து வரும்."

"குண்டை எடுத்துவிட்டு வெடியுங்களேன்!"

"கெட்டித்த குண்டு வெளியே வர ஒரே வழிதான் இருக்கிறது சாமி. அந்த வழி இந்தக் கப்பலைப் பார்த்து இருக்கிறது."

கப்பித்தான் மதிலைப் பார்த்தான். பீரங்கிகள் அவனைப் பார்த்தன.

"சரி சரி, பதில் மரியாதை வேண்டாம்."

"அதெப்படி? வீட்டுக்கு வந்தவரை வெறுமனே அனுப்புவோமா? ஏழுக்கு ஏழு என்று எண்ணிக் கொடுக்க நாங்கள் என்ன கஞ்சர்களா? பதினாலு!"

"ஐயா, போதும்!"

"கூச்சப்படாதீர்கள். இருபத்தொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்."

கப்பித்தான் பிச்சாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்கள் ராஜாவிடம் எதையாவது சொல்லி நிறுத்துமய்யா!"

பிச்சாண்டி இளநீரைச் சீவிக் கொடுத்துவிட்டு யோசித்தான். "ஒன்று சொல்லலாம். 'கப்பல்காரர் மருந்து மட்டம், வெடிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, கேட்காத மரியாதைக்குப் பதில் எதற்கு' என்று சொல்லிவிடுகிறேன். மதில்மேல் நின்ற காவலர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். யாரோ மாவு இடிக்கிற சத்தம் என்றார்கள்."

கப்பித்தான் முகம் செக்கச் சிவந்துபோயிற்று. "மாவு இடிக்கிற சத்தமா! எங்கள் மருந்தா? கடல் ராஜ்யம் முழுக்க இதற்கு ஈடு கிடையாது!"

"நான் நம்புகிறேன் சாமி. அந்தக் காவலர்கள் நம்ப வேண்டுமே."

"அடேய், பத்துப் பீப்பாய் மருந்தை இறக்குங்கள்! இவர்களே தரையில் கொட்டிக் கொளுத்திப் பார்க்கட்டும்!"

பீப்பாய்கள் படகில் கரைக்கு வந்து சேர்ந்தன. ராஜா ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனி எதற்கு வெடிப்பது? அப்படியே கிடங்கில் பூட்டுவோம்" என்றார்.

"வந்தவருக்குப் பதில் மரியாதை பாக்கி இருக்கிறதே மகாராஜா" என்றான் பிச்சாண்டி.

டமார்! மதிலில் புகை எழும்பியது. குண்டில்லாத வெறும் வெடிதான். ஆனால் அது கப்பித்தானுக்கு எப்படித் தெரியும்? "ஐயோ, மரியாதை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்!" என்று அலறினான். நங்கூரத்தைத் தூக்கக்கூட நேரமில்லை, கயிற்றை வெட்டிவிட்டார்கள். ஏழாவது வெடி வெடித்தபோது கப்பல் கடுகாகத் தெரிந்தது.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தளபதிகூட மீசையை மறந்து சிரித்தார்.

"பிச்சாண்டி, என்ன வேண்டுமோ கேள்!"

"மருந்துக் கிடங்குச் சாவி, மகாராஜா. இனி அது என் இடுப்பில் இருக்கட்டும்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. சாவியைத் தயங்கித் தயங்கி நீட்டினார். "அது சரியப்பா... நாளைக்கு இளவரசனுக்குக் கல்யாணம் என்று வந்தால்? வாணவேடிக்கை வேண்டாமா?"

"தாராளமாக விடலாம் மகாராஜா. இன்னொரு கப்பல் வரட்டும்."