முப்பத்தேழாம் எண்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. வயது இருபத்தொன்று. பெயர் பொற்கொடி. பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு. சிடுமூஞ்சி.

போன வருஷம் அதே விடுதியில் வாசுகி என்ற பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நிர்வாகம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது. பிறகு உட்கார்ந்துகொண்டது.

பொற்கொடி உட்காரவில்லை. பத்துப் பெண்களைச் சேர்த்துத் தோழமைக் குழு தொடங்கினாள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்புகளின் வருகைப் பட்டியலைப் பார்ப்பார்கள். மூன்று நாள் வராதவள் அறைக் கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான் வேலை.

இரண்டாம் ஆண்டு ரோஸ்லின் குழுவுக்குப் புதிது. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக்காட்டுவாள். அந்த வெள்ளிக்கிழமை தன் வகுப்புப் பட்டியலை நீட்டினாள்.

"எங்க கிளாஸ்ல ஒருத்திகூட லீவு இல்லக்கா."

"சந்தோஷம்."

"ஒரு சந்தேகம். ஒழுங்கா வர்றவளும் உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருக்கலாம் இல்லையா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பொற்கொடி பட்டியலில் விரலை ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"முப்பத்தேழு. குழலி. ஒரு வாரமா மெஸ்ல அவளைக் காணோமே."

ரோஸ்லின் சிரித்தாள். "அவ ரூமை விட்டே வர்றதில்லக்கா. பொழுதன்னிக்கும் தூக்கம். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான்தான் அவ குரல்ல ப்ராக்ஸி குடுக்குறேன். மேடம் தலையே தூக்க மாட்டாங்க."

"எத்தனை நாளா?"

"ஒன்பது."

"குடு, கேப்போம்."

"எதை?"

"ப்ராக்ஸியை. முப்பத்தேழு."

"ப்ரெசன்ட் மேம்." குழலியின் மெல்லிய இழுவை அப்படியே வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

பொற்கொடி சிரிக்கவில்லை. "ஒன்பது நாளா அவ குரல்ல நீ பேசியிருக்கே. அவ என்ன பேசினா?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். யார் குரலும் வரவில்லை.

"சாப்பாடு கொண்டுபோய் வாசல்ல வைப்பேன்" என்றாள் கடைசியில். "தேங்க்ஸ்னு மெசேஜ் வரும். தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"எந்திரி."

படிக்கட்டில் பொற்கொடி இரண்டிரண்டு படியாக ஏறினாள். "காணாமப் போறவளைத் தேட ஒரு குழு. அதுக்குள்ளேயே உக்காந்து அவளை மறைக்க ஒருத்தி. நல்லா இருக்குடி."

"அவளைக் காப்பாத்தத்தான்க்கா செஞ்சேன்."

"பேசாதே. நட."

அறை வாசலில் தட்டு மூடியபடி இருந்தது. ரோஸ்லின் காலையில் வைத்தது. யாரும் தொடவில்லை. பொற்கொடி ஒதுங்கி நின்றாள்.

"நீ தட்டு. உன் சிநேகிதி."

"என்ன கேக்கணும்?"

"எதைக் கேக்கப் பயமா இருக்கோ, அதை."

ரோஸ்லின் தட்டினாள். "யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இழுவை இல்லை. காய்ந்த, கரகரத்த குரல். அவளுக்கு அது யாரென்று தெரியவில்லை.

கதவு திறந்தது.

"குழலி," என்றாள் ரோஸ்லின். "செத்துடலாம்னு தோணுதா?"

குழலி அவளையே பார்த்தாள். பிறகு நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"தினமும்" என்றாள். "இப்பதான் ஒருத்தி கேக்குறா."

ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பொற்கொடி மனநல ஆலோசகரைப் போனில் கூப்பிட்டாள். அவர் வந்து சேரும்வரை இருவரும் அங்கிருந்து நகரவில்லை. மறுநாள் குழலியின் அம்மா வந்தார். மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும் வழியில் ரோஸ்லினைப் பொற்கொடி நிறுத்தினாள்.

"இன்னைக்கு முப்பத்தேழைக் கூப்பிட்டா என்ன பண்ணுவே?"

ரோஸ்லின் தரையைப் பார்த்தாள். பிறகு கோபமாக நிமிர்ந்தாள்.

"குடுக்கத்தான் போறேன். அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு சதவீதம் வரலைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. ஹால் டிக்கெட் வராது. ஒரு வருஷம் போயிடும். அவ இருக்கிற நிலைமைல அது வேறயா? உங்களுக்கு என்னக்கா, நீங்க யாருக்காவது ப்ராக்ஸி குடுத்திருக்கீங்களா?"

"வாசுகிக்கு" என்றாள் பொற்கொடி. "தொண்ணூத்தாறு சதவீதம். ஹால் டிக்கெட் வந்துது. வாங்க அவ இல்ல. நான்தான் போய் வாங்கினேன்."